யானைவேலி அடிக்கவில்லையா? கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

தையில் கதிர் முற்றத் தொடங்கினால் என் கைபேசியும் அடிக்கத் தொடங்கிவிடும். "மருமகன், மெசின் டிக் டிக் எண்டு அடிக்குது, ஆன வட்டைக்குள்ள நிக்குது. என்ன கதை இது?" கேட்கிற மாமா மாறுவார், கேள்வி மாறாது. மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வட்டையை, அதாவது வயல்வெளியைச் சுற்றி ஓடும் சோலார் வேலியைப் பார்க்கும் ஐந்து பேரில் நானும் ஒருவன். பல போகமாக ஒரே மாதிரியான கோளாறுகளையே திரும்பத் திரும்பத் திருத்தி வருகிறோம். ஆகவே யார் எதைக் கேட்டாலும் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது சொந்தக் காசிலோ சங்கத்தின் காசிலோ போட்ட வேலிக்கு மட்டும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பெரிய வேலி உங்கள் ஊரை ஒட்டிப் போனால், கம்பியில் மரம் விழுந்து கிடக்கிறது, புல் ஏறிவிட்டது என்று தகவல் சொல்லலாம், அவர்கள் கேட்டால் புல் வெட்டவும் உதவலாம். கம்பிக்கு அடி கொடுக்கும் பெட்டியில் (மாமா சொல்லும் மெசின்) கை வைக்க வேண்டாம். அது அவர்களின் ஆட்களும் வேலிக் கடமையில் நிற்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தினரும் பார்க்கிற வேலை.

தொடங்க முன்னர்

கம்பியை அளக்க வேலிக்கென்றே விற்கும் டிஜிட்டல் மீற்றர் வேண்டும். வீட்டு மல்ற்றிமீற்றரை வேலிக் கம்பியில் வைத்தால் மீற்றர் செத்துப்போகும். அதைப் பற்றரி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு கத்தி, குறடு, நாலைந்து இன்சுலேற்றர் (கம்பி கட்டையில் படாமல் தாங்கும் பிடி), கொஞ்சம் கல்வனைஸ் கம்பி. ஒரு பழைய ஏ.எம். ரேடியோ கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கம்பியில் கை வைக்கும் முன் சுவிச்சை நிறுத்தி, பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். நான் ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கம்பி முறுக்கிக்கொண்டு நின்றபோது, "நிண்டுபோய்க் கிடந்திச்சே" என்று நல்லெண்ணத்தில் ஒருவர் சுவிச்சைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பியூஸ் என் பையில்தான் இருக்கும். இடி முழங்கும் நேரத்தில் வேலிப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. வேலி பலவீனமாக இருக்கிறதே என்று வீட்டு 230 வோல்ற் லைனைக் கம்பிக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். சோலார் பெட்டி தருவது செக்கனுக்கு ஒரு தடவை கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாத ஓர் அடி, அது தள்ளிவிடும். வீட்டு மின்சாரம் பிடித்துவைத்துக் கொல்லும். சட்டப்படியும் குற்றம். இரவில் அந்தக் கம்பியில் முதலில் படுவது யானையாகத்தான் இருக்கும் என்றில்லை, தண்ணீர் கட்டப் போன நம் ஆளாகவும் இருக்கலாம். அப்படி ஒரு கம்பியைக் கண்டால் தொடாமல் 1987க்கு அழைத்து மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி 1: பெட்டி சத்தமே போடவில்லை

முதலில் சுவிச், பியூஸ், பற்றரி முனைகள். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வயரைக் கழற்றி, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் இறுக்கி மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். பெட்டிக்குக் கீழே எறும்புப் புற்று இருக்கிறதா, வயர் நுழையும் ஓட்டை வழியே பல்லி போய்வருகிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எங்கள் முதல் பெட்டியைக் கெடுத்ததே எறும்புதான்.

அடுத்தது பற்றரி. வெயில் ஏற முன்னர், காலையில் அளவுங்கள்.

12.6 வோல்ற்றுக்கு மேல் இருந்தால் பற்றரி நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. 12.2 அளவில் நின்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் காலி. அப்போது இரண்டு கேள்வி: பனல் சார்ஜ் கொடுக்கிறதா, பற்றரி சார்ஜைப் பிடித்துவைக்கிறதா?

நல்ல வெயிலில் பனலின் வயரைக் கழற்றி அளந்தால், 12 வோல்ற் பற்றரிக்கான பனல் 18 முதல் 21 வரை காட்ட வேண்டும். மாட்டியபின் பற்றரி முனையில் 13.5க்கு மேல் ஏற வேண்டும். பனல் நன்றாக இருந்தும் பற்றரி முனையில் ஏறாவிட்டால் இடையிலுள்ள சார்ஜ் கொன்ட்ரோலரைச் சந்தேகப்படுங்கள். பனலே குறைவாகக் காட்டினால் தூசி, காக்கை எச்சம், நிழல்.

நிழல் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பனலுக்குத் தெற்கே நிற்கும் மரம் ஆவணியில் நிழல் போடாது. சூரியன் தெற்கே சாயும் மார்கழியில், அதாவது வேலி நமக்கு மிக அவசியமான நாட்களில், அதே மரம் நட்டநடு மத்தியானத்திலும் பனலை மூடும். பெட்டியைப் பூட்டியது ஆவணியில் என்றால் மார்கழியில் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

பனல் சரி, பகலெல்லாம் சார்ஜ் ஏறுகிறது, விடியுமுன் பெட்டி நின்றுவிடுகிறது என்றால் பற்றரியின் ஆயுள் முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் வகையென்றால் வடித்த தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. புதிது வாங்கும்போது கார் பற்றரி மலிவு என்று வாங்க வேண்டாம், தினமும் இறங்கி ஏறும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. சோலாருக்கான பற்றரியைக் கேட்டு வாங்குங்கள்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* பற்றரியும் பியூஸும் முனையும் சரி, பெட்டி இன்னும் ஊமை. அல்லது நேற்று இடி விழுந்தது. பெட்டியைக் கழற்றித் திருத்துபவரிடம் கொடுங்கள். நீங்கள் திறக்காதீர்கள், நிறுத்திய பிறகும் உள்ளே அடி மிஞ்சியிருக்கும்.

அறிகுறி 2: டிக் டிக் கேட்கிறது, வேலி அடிக்கவில்லை

தையில் வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான். டிக் டிக் சத்தம் பெட்டி வேலை செய்கிறது என்றுமட்டும் சொல்லும், வேலி வேலை செய்கிறது என்று சொல்லாது.

பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். பெட்டியைத் தனியே ஓடவிட்டு அதன் இரண்டு முனைக்கும் இடையே அளவுங்கள்.

_பெட்டி தனியாகவும் குறைவாகக் காட்டுகிறது:_ பற்றரியைப் பாருங்கள். பற்றரியும் சரியென்றால் பெட்டி திருத்துபவரிடம் போக வேண்டும்.

_தனியாக 8, 9 கிலோவோல்ற் காட்டுகிறது, வேலியை மாட்டினால் விழுகிறது:_ பெட்டிக்கு ஒன்றுமில்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் புதுப்பெட்டி வாங்காதீர்கள். நாங்கள் வாங்கினோம். ஒரு சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிர்க்காலத்தில், வேலி 2 கிலோவோல்ற்றுக்கு இறங்கியது. இதைவிடப் பெரிய பெட்டி வேண்டும் என்று கடையில் சொன்னார்கள், சங்கத்தின் காசில் வாங்கி மாட்டினோம். வேலி அதே 2. கடைசியில் பார்த்தால் ஏர்த் கம்பிகள் (பெட்டியின் மற்ற முனையை நிலத்தோடு இணைக்க ஊன்றியவை) நின்ற மணல் சாம்பல்போல் காய்ந்து கிடந்தது.

ஏர்த்தைப் பரிசோதிக்கும் முறை இது. வேலியை நிறுத்துங்கள். பெட்டியிலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் இரும்புக் கம்பி இரண்டு மூன்றை நிலத்தில் ஊன்றி, வேலிக் கம்பியில் சாய்த்து வையுங்கள். இப்போது வேலியைப் போட்டால் வோல்ற் 2 கிலோவுக்குக் கீழே விழ வேண்டும், விழாவிட்டால் இன்னும் சில கம்பிகளைச் சாயுங்கள். மறுபடி நிறுத்திவிட்டுத்தான். பிறகு பெட்டியின் கடைசி ஏர்த் கம்பிக்கு வந்து, மீற்றரின் ஒரு முனையை அதிலும் மற்றதை ஒரு மீற்றர் தள்ளி மண்ணிலும் வைத்து அளவுங்கள்.

0.3 கிலோவோல்ற்றுக்குள் இருந்தால் ஏர்த் போதும், அடுத்த அறிகுறிக்குப் போங்கள். அதற்கு மேல் என்றால் ஏர்த் போதாது. முதலில் கம்பிகளை இணைக்கும் கிளிப்புகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுபடி அளவுங்கள். தண்ணீர் ஊற்றியதும் வேலி ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது: இன்னும் கம்பி ஊன்றுங்கள், முடிந்தால் வாய்க்கால் ஓரமாக ஈரம் நிற்கும் இடத்தில். இரண்டு மீற்றர் நீளக் கல்வனைஸ் கம்பி மூன்று, ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் இடைவெளி, இதுதான் குறைந்த அளவு. மணல் நிலத்துக்கு ஐந்தாறு வேண்டியிருக்கும். வீட்டு ஏர்த்துடன் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

அறிகுறி 3: பெட்டியடியில் நல்ல வோல்ற், கடைக்கோடியில் இல்லை

முழு வேலியையும் நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பாதிக்குப் பாதி வெட்டித் தேடுங்கள்.

வேலியின் நடுவில் கம்பியைப் பிரித்து, பெட்டிப் பக்கப் பாதியை மட்டும் ஓடவிட்டு அளவுங்கள். வோல்ற் ஏறினால் கோளாறு மற்றப் பாதியில். ஏறாவிட்டால் இந்தப் பாதியில். கோளாறுள்ள பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். நான்கைந்து வெட்டில் நூறு இருநூறு மீற்றருக்குள் வந்துவிடுவீர்கள். வேலியிலேயே இடையிடையே வெட்டுச் சுவிச் போட்டு வைத்தால் குறடு இல்லாமல் இதைச் செய்யலாம். வேலி போடும்போது அந்தச் செலவில் கை இறுக்க வேண்டாம்.

இடம் தெரிந்தபின் மலிவானதிலிருந்து பாருங்கள்.

புல், கொடி, சாய்ந்த கிளை. மழை பெய்த பத்து நாளில் கொடி கம்பியைத் தொட்டுவிடும். ஒரு புல் ஒன்றும் செய்யாது, கிலோமீற்றர் முழுக்கப் புல் என்றால் வேலி அடிப்பது புல்லுக்குத்தான். ஐப்பசியிலிருந்து தை வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெட்டுங்கள். எங்கள் வட்டையில் வயல் ஏக்கர் கணக்கில் துண்டு பிரித்து முறை வைத்திருக்கிறோம். முறை தவறுகிறவரின் துண்டில்தான் யானை புகுகிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டதால் இப்போது சண்டை குறைவு.

மூட்டுகள். கல்வனைஸ் கம்பியில் செப்புக் கம்பியை முறுக்கியிருந்தால் அந்த இடம் அரித்துப்போகும். கையால் சுற்றிய தளர்ந்த மூட்டும் அப்படியே. வெட்டிவிட்டுக் கிளாம்ப் போடுங்கள்.

கடவை. ட்ராக்டர் போகும் வழியில் நிலத்துக்குக் கீழே போகும் வயர் வீட்டு வயராக இருந்தால் அதை நம்ப வேண்டாம். அதன் உறை சில நூறு வோல்ற்றுக்கு ஆனது, ஆயிரக்கணக்கில் தாங்காது. மண்ணுக்குள்ளேயே ஒழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு வேலி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வேலிக்கான தடித்த உறை வயரை வாங்குங்கள்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* கோளாறுப் பக்கத்தில் மின்சார சபையின் கம்பி வேலிமேல் விழுந்து கிடந்தாலோ உரசினாலோ, பத்து மீற்றர் தள்ளி நின்று 1987. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அறிகுறி 4: பகலில் சரி, இரவிலோ மழையிலோ விழுகிறது

வெடித்த இன்சுலேற்றர். காய்ந்திருக்கும்போது தாங்கும், பனி இறங்கினால் வெடிப்பின் வழியே கட்டைக்கு ஒழுகும். நிலவில்லாத இரவில் ரோச்சை அணைத்துவிட்டு வேலியோரம் மெதுவாக நடந்தால் நீலப் பொறியும் 'சட் சட்' சத்தமும் காட்டிக்கொடுக்கும். தனியே போகாதீர்கள், அந்த நேரம் யானைக்கும் நடக்கிற நேரம்தான். இங்கேதான் ஏ.எம். ரேடியோ. நிலையம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பகலிலேயே வேலியோரம் கொண்டுபோங்கள். ஒழுகும் கட்டையை நெருங்க நெருங்கப் பெட்டியின் தாளத்திலேயே கரகரக்கும்.

வாகரை, கோமாரி, பாணமை மாதிரிக் கடலோரத்துக்கு இன்னொன்று சொல்ல வேண்டும்: உப்புக்காற்று இன்சுலேற்றரில் படியும். மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பது புதிது வாங்குவதைவிட மலிவு.

அறிகுறி 5: மீற்றரில் 6, 7 காட்டுகிறது, யானை உள்ளே வந்துவிட்டது

இனித் தேட வேண்டியது கம்பியில் இல்லை. யானை எங்கே, எப்படி நுழைந்தது என்று அடிச்சுவட்டைப் பார்த்துப் போங்கள்.

_கட்டை முறிந்து கிடக்கிறது:_ கம்பிதான் அடிக்கும், கட்டை அடிக்காது என்று அது படித்துவிட்டது. பெரும்பாலும் தனியன், குட்டிகளோடு வரும் கூட்டம் இவ்வளவு துணிவதில்லை. நம் நாட்டு ஆண் யானைகளில் கொம்பன் அரிது, தலையாலும் காலாலும்தான் தள்ளும். கட்டைக்கு முன்னால், காட்டுப் பக்கமாக, மின் ஓடும் குறுங்கம்பிகளைத் துருத்திக்கொண்டு நிற்கும்படி பூட்டுங்கள். கட்டையை நெருங்கினால் முதலில் அது முகத்தில் படும்.

_மரம் விழுந்து கிடக்கிறது:_ காற்று வீழ்த்தியதா, யானை தள்ளியதா என்று வேரைப் பாருங்கள். எதுவானாலும் மற்ற மரங்களுக்கும் அது நடக்கும். கம்பிக்கு எட்டும் மரத்தை வெட்டச் சட்டத்தில் இடமுண்டா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

_குளத்துப் பக்கத்தால் வந்திருக்கிறது:_ மாரியில் வேலியின் முனை தண்ணீருக்குள் நிற்கும். ஆனியில் தண்ணீர் வற்றியதும் முனைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பாதை திறந்து கிடக்கும். தண்ணீரும் தடுப்பில்லை, யானை நீந்தும். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைக் கல்லோயா வனப்பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். முனையைக் குளக்கரை வழியே திருப்பி ஊர்ப்பக்கம் மடித்து விடுங்கள்.

_எங்கும் உடைப்பே இல்லை:_ யானை வேலிக்கு உள்பக்கமே இருந்திருக்கிறது. காட்டின் நடுவே இழுத்த வேலியில் இது சகஜம், இரண்டு பக்கமும் யானை. வேலி எதைக் காக்கிறதோ அதை ஒட்டி ஓட வேண்டும்: ஊர் வேலி ஊரைச் சுற்றி, வயல் வேலி வட்டையைச் சுற்றி. வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைப்பது நல்லது. அறுத்த வயலில் நிற்கும் அடித்தாளைத் தின்ன யானைக்கு வழி கிடைக்கும், நமக்கும் ஆறு மாதம் புல் வெட்டுகிற வேலை மிச்சம். வருடம் முழுக்க வேலி நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. யாருமே பார்க்காமல் செத்துக் கிடக்கும் கம்பியில்தான் யானை வேலியைத் தாண்டப் பழகுகிறது என்பது என் கணக்கு.

_வயலை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறது:_ உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்? நெல் மூட்டை, உப்பு, முற்றத்தில் பழுத்த வாழை. நெல்லைப் படுக்கும் அறையில் அடுக்க வேண்டாம், சுவரை உடைத்தால் உடைவது உங்கள் தலைமாட்டுச் சுவர். குப்பையும் அப்படித்தான். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்ற யானைகள் எட்டு வருடத்தில் சுமார் இருபது செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. ஊரோரம் கொட்டினால் நாமே கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* ஒரே யானை மூன்று நாலு இரவு தொடர்ந்து வீடுகளுக்கு வந்தால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு எழுத்திலும் கொடுங்கள், கிராம உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேதத்தைத் துப்புரவாக்கும் முன் படம் எடுங்கள், பொலிஸில் பதியுங்கள்.

அறிகுறி 6: யானை இப்போது வளவுக்குள் நிற்கிறது

வேலியை மறந்துவிடுங்கள். கல்வீடு இருந்தால் உள்ளே, நெல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம். நாயை அவிழ்த்துவிட வேண்டாம், யானையைத் துரத்திக்கொண்டு திரும்பி உங்களிடம்தான் ஓடிவரும். 1992 வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். யானைவெடி கொளுத்துகிறவர்கள் அது போக வேண்டிய பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டுக் கொளுத்துங்கள். நாலு பக்கமும் ரோச்சும் கூச்சலுமாகச் சூழ்ந்தால் அது யாரோ ஒருவர்மேல்தான் வெளியேறும். குடி வெறியில் படம் எடுக்கப் போகும் தம்பிமாரைக் கட்டிப்போட்டாலும் பாவமில்லை.

வீதியில் மோட்டார் சைக்கிளில் கண்டால் நின்று, திருப்பி, வந்த வழியே போங்கள்.

அறிகுறி 7: வேலி அப்படியே, வோல்ற் அப்படியே, கறையான் புற்று மட்டும் தோண்டிக் கிடக்கிறது

இதற்கு யானையைத் திட்ட வேண்டாம். புற்றில் ஆழமான நகக்கீறல், பக்கத்தில் மனிதப் பாதம் மாதிரி ஒரு தடம் என்றால் கரடி. கரடியனாறு என்று ஊருக்கே பேர் வைத்த நாட்டில் இது புதினம் இல்லை. யானை வேலியின் கீழ்க்கம்பி எங்கள் பக்கம் இடுப்பளவில் ஓடுகிறது. அதற்குக் கீழால் கரடி தாராளமாகப் போகும். அதற்காகக் கம்பியைத் தாழ்த்தாதீர்கள், அறிகுறி 3க்கே திரும்பி வருவீர்கள். கரடி உங்கள் நெல்லுக்கு வருவதில்லை. கறையானும் தேனும், வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழமும் அதற்கு வேண்டும்.

ஆபத்து வயலில் இல்லை, காட்டுக்குள். பாலைப்பழம் பொறுக்கவும் தேன் எடுக்கவும் போகிறவர் சத்தமில்லாமல் ஒரு வளைவில் திரும்ப, புற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் கரடி திடுக்கிட்டுப் பாயும், பாய்ந்தால் முகத்துக்கு. ஆகவே பழக்காலத்தில் இரண்டு மூன்று பேராக, பேசிக்கொண்டு போங்கள். அதிகாலையையும் அந்தியையும் தவிருங்கள். குட்டியோடு கண்டால் பின்வாங்குங்கள், ஓட வேண்டாம், மரத்தில் ஏறவும் வேண்டாம், அது உங்களைவிட நன்றாக ஏறும். சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம்.

கடிபட்டவருக்குக் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் வீட்டு மருந்து போட்டு வைத்திருக்காதீர்கள். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து 1990க்கு, அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் விலங்குக்கடி என்று முதலிலேயே சொல்லுங்கள், விசர்நோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.